நீ லண்டனுக்குப் போகவே இல்லை

தம்பி,

"அம்மா, நான் எப்ப லண்டனுக்குப் போனனான்?" என்று வியாழக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் நின்று கேட்டாய். பயிற்சிக்குக் கொண்டுபோன பை இன்னும் தோளில் தொங்கியது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நான் சோறு வைக்கவில்லை, புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் பார்த்தாய். அதற்குப் பிறகு மூன்று நாட்களாக என்னோடு மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறாய். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறாய், வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போகிறாய். நீ கத்திச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இதை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் கையெழுத்தை உன்னால் வாசிக்க முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பதினொரு வயதில் உன்னை அவளுடைய சின்ன வகுப்பில் போட்டார்கள், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க அவளுக்குப் பக்கத்தில் இருந்துதான் நீ அ, ஆ எழுதினாய். அதனால் அவளுடைய எழுத்துத்தான் உனக்குப் பழக்கம். நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, வசனத்தை நான் பாக்கிறன்" என்கிறாள். பள்ளி ஆண்டு மலரில் இதைப் போட வேண்டுமென்றும் அவளுக்கு ஆசை. அண்ணாவைக் கேட்டபிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் ஒருவருடைய பெயரையும் எழுத விடவில்லை.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் தூரத்திலிருந்து வர வேண்டும். வன்னியில் எல்லாம் முடிந்து, முகாமிலும் இருந்துவிட்டு, அடுத்த வருடம் நான் பாரிசுக்கு வந்தேன். அப்பா முன்னரே வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதிக் குடும்பங்களுக்கென்று எடுத்திருந்த ஹோட்டல் ஒன்றில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு அப்பால், ரிங் ரோட்டுப் பக்கம், எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. தங்கைக்கு ஒரு வயதாக இருந்த குளிர்காலத்தில் பக்கத்து அறைக்கு நீயும், உங்கள் மொழியில் நீ ஏஜ் என்று கூப்பிட்ட, உன்னைப் பெற்ற அம்மாவும் மங்கோலியாவிலிருந்து வந்தீர்கள். உனக்கு ஆறு வயது. அந்த அறைகளில் சமைக்கக் கூடாது. ஆனாலும் எல்லோரிடமும் ஒரு மின்சார அடுப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஏஜ் ஆட்டிறைச்சி அவிப்பார், நான் வெங்காயம் வதக்குவேன். தனித்தனியே சமைத்தால் யாருடைய மணம் என்று மனேஜர் பிடித்துவிடுவார் என்பதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமைக்கத் தொடங்கினோம். கதவுக்குக் கீழே ஈரத் துவாயை அடைத்துவிட்டு, சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் அடுப்பை மூட்டலாம் என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது பிரெஞ்சுச் சொற்கள்கூடத் தெரியாது. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

ஏஜ் ஏன் அந்த நாட்டை விட்டு ஓடி வந்தார் என்பதை அந்த அறையில்தான் எனக்குச் சொன்னார். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினார். பிறகு தலையில் தொப்பி வைப்பதுபோலக் கையைக் காட்டி, போலீஸ் என்றார். உன்னைப் பெற்ற மனிதர் போலீஸ்காரர், முறைப்பாடு கொடுக்கப் போனால் எழுதிக்கொள்வதும் அவருடைய கூட்டாளிகள்தான். அந்த மனிதர் இப்போது இருக்கிறாரா, செத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என் நித்திரையைக் கெடுக்கிறது. உனக்கு இதெல்லாம் பாதிதான் சொல்லியிருக்கிறேன், மீதியை இப்போது சொல்கிறேன்.

நீ முதன்முதலாகப் பள்ளிக்கூட அணியில் விளையாடப் போன நாளில் ஏஜ் யன்னலைத் திறந்து, கரண்டியால் பாலைத் தொட்டு, நீ போகும் திசையை நோக்கி விசிறினார். பயணம் போகிறவருக்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். பால் கீழே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற மனேஜரின் கோட்டில் விழுந்தது. அவர் மேலே பார்த்துக் கத்தினார். ஏஜ் உடனே குனிந்துகொண்டார், நான் நிமிர்ந்து நின்று அகப்பட்டுக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்ததுபோல இந்த நாட்டில் நான் பிறகு சிரித்ததில்லை. உனக்கு ஒன்பது வயதானபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டு போனேன். அவர் கேட்கவில்லை. உன் சப்பாத்து அளவை மட்டும் சொன்னார். "முப்பத்துநான்கு. கெதியாக வளருது." அவ்வளவுதான். நீதிபதி எங்கள் பெயரில் உன்னைத் தந்தது அவர் கண்மூடி ஐந்து மாதங்களுக்குப் பிறகு. என்னைப் பொறுத்தவரை நீ என் பிள்ளையானது அந்த முப்பத்துநான்கில்.

பிறகு நாம் லாச்சப்பலுக்கு வீடு மாறினோம். மெற்றோ மேலே ஓடும் பாலத்துக்குக் கீழே, கம்பி வலை அடித்த சின்ன மைதானத்தில் நீ காலையும் மாலையும் கிடந்தாய். பாரிசுக்கு வெளியே பொண்டியில் நடந்த தமிழ்ச் சுற்றுப்போட்டியில் உன்னைச் சேர்க்கலாமா என்று பெரிய வாக்குவாதம் வந்தது ஞாபகமா? உனக்குப் பதினான்கு வயது. மற்றக் கழகத்தார் வந்து மறித்தார்கள். "அண்ணை, இது தமிழருக்கான போட்டி. இந்தச் சீனாப் பெடியனை எங்கையிருந்து பிடிச்சனீங்கள்?" அப்பா வாயைத் திறக்க முன்னர் நீ முன்னால் போனாய். "நான் சீனா இல்லை அண்ணை, மூண்டாம் மாடி. லாச்சப்பல். தோக்கப் பயமெண்டால் சொல்லுங்கோ, நான் கோல் காப்பாளரா நிக்கிறன்." கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் அன்று முழுவதும் உன்னை "எங்கட மங்கோலியத் தம்பி" என்றுதான் சொன்னார். நீ இரண்டு கோல் போட்டாய். மூன்றாவதை நடுவர் மறுத்தபோது நீ அவரைத் தமிழில் ஏசியதை யாரோ கைபேசியில் படமெடுத்துப் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. நாங்கள் குடும்பமாக இருந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். அந்தப் படம் உன் நாட்டு ஆட்களின் கண்ணிலும் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது உன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்று படத்தைக் காட்டியிருக்கிறேன், கதையைச் சொன்னதில்லை. என் தம்பி அவன். போரின் கடைசி மாதங்களில் அவனுக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு வீடு வந்து இயக்கத்தில் சேர்க்கப் பிள்ளைகளைக் கேட்டார்கள். நாங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, மேலே தகரம் போட்டு, அவனை உள்ளே இருத்தினோம். ஆட்கள் வந்து படலையில் நின்று கேட்டபோது நான்தான் போய்ச் சொன்னேன். "அவன் இல்லை. மன்னாருக்குப் போயிட்டான்." முகத்தை ஒரு துளியும் மாற்றாமல் சொன்னேன். திரும்பிப் போனார்கள். இரண்டாம் முறையும் அதே பொய், அதே முகம். பதினோராம் நாள், குழிக்குள் இருந்து கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று ஒழுங்கைக்குப் போனான். அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை. ஒளித்து வைத்தது பயன்படவில்லை என்று நான் அன்றைக்குப் படித்திருக்க வேண்டும். ஆனால் குழியை இன்னும் ஆழமாக வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் படித்தேன்.

உனக்குப் பதினாறு வயதான வருடம், ஒரு ஞாயிறு மத்தியானம், கதவைத் தட்டினார்கள். திறந்தால் உன்னுடைய முகச்சாயலில் ஒரு மனிதர். நீலக் கம்பளிக் கழுத்துத்துணி, கையில் ஒரு கோப்பு. நல்ல பிரெஞ்சில் உன் பெயரைச் சொல்லி, பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் மங்கோலியத் தேசிய அணிக்காக உன்னைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். நீ குளித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தம் வாசல்வரை கேட்டது. அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: பதினாறு வயதுப் பிள்ளையை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "அவன் இங்கே இல்லை, லண்டனுக்குப் போய்விட்டான்" என்றேன். நம் ஆட்கள் எங்கே என்று யார் கேட்டாலும் லண்டன் என்று சொன்னால் நம்புவார்கள். அவர் கீழே பார்த்தார். உன் விளையாட்டுச் சப்பாத்து சேற்றோடு வாசலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். தன் தொலைபேசி இலக்கம் இருந்த அட்டையைத் தந்துவிட்டுப் படியிறங்கினார். நான் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

இதை எழுதுகிறவள் அன்றைக்கு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. "ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்? அண்ணா உள்ளுக்குத்தானே நிக்கிறார்" என்று கேட்டாள். "அது பொய் இல்லை, பழக்கம். நீ கணக்கைச் செய்" என்றேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். மூன்று வருடங்களாக அவள் அதைக் காத்திருக்கிறாள். அவளோடு கோபிக்காதே. இப்போது இந்த வசனத்தை எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். எழுது என்று நான்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். பயிற்சி நிலையங்கள் இரண்டு உன்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. கட்டையான பெடியன், காற்றில் பந்தை எடுக்கமாட்டான் என்றார்கள். நீ பந்தைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டுச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனாய். எட்டு மாதம் மைதானப் பக்கமே போகவில்லை. "என்னை ஒருத்தருக்கும் தேவையில்லை அம்மா. இஞ்சையும் இல்லை, அங்கையும் இல்லை" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். உன்னைத் தேடி ஒருவர் எங்கள் வாசல் வரைக்கும் வந்தார் என்று அந்த நிமிடமே சொல்லியிருந்தால் உன் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உனக்கு இன்னும் ஓர் அகப்பை கறி விட்டேன். நீ வீட்டில் இருந்தாய், மூச்சு விட்டாய், எனக்கு அது போதுமாக இருந்தது. என் தம்பிக்குக் குழி வெட்டினேன், உனக்கும் ஒன்று வெட்டினேன். உன்னுடையதற்கு மேலே தகரம் இல்லை, அதனால் நீ அதற்குள் இருப்பது உனக்குத் தெரியவில்லை. செவ்ரான் உதைபந்தாட்டக் கழகத்துப் பயிற்றுநர் தெருவில் உன்னை மறித்து, "மாலைக்கு வா, இடதுபுறம் ஓட ஆளில்லை" என்று கூப்பிட்டிராவிட்டால் நீ இன்னும் அதற்குள்தான் இருந்திருப்பாய். உன்னை வெளியே எடுத்தது அவர், நானில்லை.

அந்த நீலக் கழுத்துத்துணிக்காரர் இந்த முறை வீட்டுக்கு வராமல் நேரே மைதானத்துக்கு வந்ததில் அவருடைய புத்தி தெரிகிறது. நான் சொன்ன லண்டன் கதையை வியாழக்கிழமை உனக்குச் சொன்னதும் அவர்தான். பெரியவர்களின் தேசிய அணிக்குக் கேட்கிறார். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை அங்கே அலுவலகம் மூட முன்னர் ஓம், இல்லை என்று சொல்ல வேண்டும். நீ சொன்னதைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை நான் உனக்குத் தெரியாமல் ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் இருக்கும் வக்கீல் அம்மாவிடம் போனேன். புதுச்சேரிக்காரர், நிதானமாகத் தமிழ் பேசுவார். "மதாம், அந்த நாட்டால உங்க பையனுக்கு ஆபத்துன்னு சொல்லித்தான் இங்க அகதி கார்ட் கொடுத்திருக்காங்க. அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில வாங்கினா, ஆபத்து இல்லன்னு அவரே சொன்ன மாதிரி ஆயிடும். கார்டைத் திருப்பிக் கேட்பாங்க. அப்புறம் வெளிநாட்டுக்காரர் மாதிரி விசா எடுத்துத்தான் உங்க வீட்டுக்கு வரணும்" என்றார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நீ போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை பொறுத்தால் என்ன என்று கேட்டேன். அந்த நாட்டில் இரண்டு குடியுரிமை வைத்திருக்க விடமாட்டார்களாம். எந்தப் பக்கம் போனாலும் மற்றக் கதவு மூடும். தடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பயப்படக் காரணம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவருக்குப் பத்தொன்பது வயசு. கேள்வி உங்ககிட்ட வரல."

வீட்டுக்கு வந்து நான் செய்ததைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் எடுக்க உன் பிறப்புப் பத்திரம் வேண்டும். ஏஜ் தந்த கடித உறையில் அது இருக்கிறது, அதை நான்தான் வைத்திருக்கிறேன். உறையை எடுத்து ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிமா வாளிக்குள் கைமுட்டு வரைக்கும் புதைத்தேன். மூடியை மூடி அதற்கு மேலே பருப்புப் பையையும் வைத்தேன். இரவு அப்பா நித்திரை கொள்ள, நான் மா வாளியை நினைத்துக்கொண்டு கிடந்தேன். மூன்று வருடம் கழித்தும் இந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தேன். உண்மையில் பயந்தது அப்போதுதான். உன்னைப் பெற்ற மனிதருக்குப் பயந்தேன், அந்த நாட்டுக் குளிருக்குப் பயந்தேன், உன் படம் அங்கே பத்திரிகையில் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அவை எல்லாவற்றையும் விட, என்னால் இதை நிறுத்தவே முடியாதோ என்று என்னைப் பார்த்துப் பயந்தேன். நேற்றுக் காலை உறையை வெளியே எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குக் கீழே இருக்கிறது. ஓரத்தில் மா ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு எடு.

போகாதே என்று நான் சொல்லமாட்டேன், போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எந்த நாட்டிலும் மூலப் பத்திரத்தை ஒருவர் கையிலும் விட்டுவிட்டு வராதே, பிரதி எடுத்துக் கொடு. எங்கே தங்கினாலும் முதல் நாளே ஆஸ்பத்திரி எங்கே என்று நடந்து போய்ப் பார்த்து வை. உன்னைப் பெற்றவர் என்று ஒருவர் வந்து நின்றால் தனியே சந்திக்காதே, அணியில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. ஏஜின் தழும்பு கையால் பட்டதல்ல, இடுப்புப் பட்டியின் இரும்பு பட்டது. அதைத் தெரிந்துகொண்டு போ. போகாமல் இருந்தால், அது அம்மாவுக்காக என்று மட்டும் இருக்கக் கூடாது. அப்படி இருந்துவிட்டால் நாற்பது வயதில் நீ இந்தக் குசினி வாசலில் நின்று என்னைப் பார்க்கும் பார்வையை நான் தாங்கமாட்டேன். "இதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ அம்மா" என்கிறாள் தங்கை. அவளுடைய கண்ணும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத்து நேராகத்தான் போகிறது.

அங்கே அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும் என்றால் இங்கே காலை பத்து மணி. நாளைக்கு நான் லீவு போட்டு வீட்டில் நிற்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். நான் நின்றால் ஒன்றும் சொல்லாமலே சொல்லிவிடுவேன், பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே உனக்கு விளங்கிவிடும். வழமைபோல ஐந்தரை மெற்றோவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போகிறேன். அப்பா தன் வேலைக்கு, தங்கை பள்ளிக்கூடத்துக்கு. உன்னைத் தவிர வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம். என் கைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், இடையில் எடுத்து நான் ஒன்றும் சொல்லிவிடாமல் இருக்க. அவரிடம் என்ன சொல்வதானாலும் உன் வாயால் நீயே சொல்.

நான் பதினொன்றரைக்கு வருவேன். மூன்று மாடி ஏறி வரும்போது எனக்குக் கால் நடுங்கும், அதை என்னால் மறைக்க முடியாது. அதைப் பார்த்து உன் பதிலை மாற்றிச் சொல்லாதே.

அம்மா